‘விற்றவர்’ என்றொரு கட்டம்

ராணுவச் செய்திகளுக்கான ஒரு பத்திரிகையில் இருபத்தைந்து வருடம் அட்டவணை போட்டவன் நான். எந்த நாடு, எந்த டாங்கி, எத்தனை, யாரிடமிருந்து, எந்த வருடம். ஐந்தே கட்டம்தான். சேர்ந்த புதிதில், இதற்குப் போய்ச் சம்பளம் தருகிறார்களே என்று நினைத்ததுண்டு.

முதல் குட்டு டி-80யூடி என்ற டாங்கியில் விழுந்தது. பாகிஸ்தான் 320 வண்டிகள் வாங்கியிருந்தது. சோவியத் டாங்கிதானே என்று ‘விற்றவர்’ கட்டத்தில் ரஷ்யா என்று போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கூப்பிட்டார்.

“தம்பி, கார்கிவ் எந்த நாட்டுல இருக்கு?”

1996-இல் ஒப்பந்தம் போட்டது உக்ரைன். செய்தது கார்கிவ் நகரின் மாலிஷெவ் ஆலை. சோவியத் உடைந்தபோது டாங்கி ஆலை ஒரு நாட்டோடும், அதற்குப் பாகம் செய்த ஆலைகள் பல இன்னொரு நாட்டோடும் போய்விட்டன. இந்தியாவோடு பழைய உறவுள்ள ரஷ்யா பாகங்கள் தர மறுக்க, பீரங்கிக் குழல் உட்படப் பலவற்றை உக்ரைன் தானே செய்ய வேண்டியதாயிற்று. பாகிஸ்தானுக்கும் இது முதல் அனுபவம் இல்லை. 1965 போரின்போது அமெரிக்கா ஆயுத வரத்தை நிறுத்தியதும் அதன் ‘பாட்டன்’ ரக அமெரிக்க டாங்கிகள் உதிரிபாகத்துக்குத் தவித்தன. அப்புறம்தான் சீனாவின் டைப் 59 டாங்கி வந்தது.

“யார் வித்தாங்கன்னு கேக்கறதோட நிறுத்தாதே. நாளைக்குப் பாகம் யார் தருவாங்கன்னும் பாரு” என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து பென்சிலால் ஆறாவது கட்டம் ஒன்று வரைய ஆரம்பித்தேன். அது அச்சில் வந்ததே இல்லை.

‘வாங்கியவர்’ கட்டமாவது நிலையாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. ஈரான் மன்னர் ஷா, பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிகளை நூற்றுக்கணக்கில் வாங்கியவர், அதைவிட மேம்பட்ட ‘ஷிர்’ ரகங்களுக்கும் முன்பணம் கட்டினார். 1979-இல் புரட்சி. ஷா போனார், ஒப்பந்தமும் போயிற்று. ஷிர் 1 சில மாற்றங்களோடு ‘காலித்’ என்ற பெயரில் ஜோர்டானுக்குப் போனது. ஷிர் 2 வளர்ந்து ‘சாலஞ்சர்’ ஆகி, பிரிட்டன் ராணுவத்துக்கே வந்து சேர்ந்தது. ஈரானின் பணம்? வழக்காக இழுத்து, 2022 மார்ச்சில்தான் ஏறத்தாழ 40 கோடி பவுண்டைப் பிரிட்டன் திருப்பித் தந்தது. என் அட்டவணையில் அந்த வரி 43 வருடம் முடியாமலே கிடந்திருக்கிறது!

இதே சீஃப்டனைத்தான் இஸ்ரேலும் கேட்டது. வண்டிகள் சோதனைக்கும் போயின. 1969-இல் பிரிட்டன் கையை விரித்தது. மறு வருடமே இஸ்ரேல் தன் சொந்த டாங்கியில் இறங்கியது. அப்படிப் பிறந்ததுதான், இன்ஜினை முன்பக்கம் வைத்த மெர்காவா.

இன்ஜின் என்றதும் துருக்கியின் ‘அல்தாய்’ ஞாபகம் வருகிறது. டாங்கி சொந்தம், இன்ஜின் மட்டும் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். அரசியல் கசந்து ஜெர்மனி நிறுத்திவிட்டது. வருடக்கணக்கில் காத்திருந்து கடைசியில் கொரிய இன்ஜினைப் பொருத்தினார்கள். போலந்துக்கோ அந்தப் பொறுமை இல்லை. தன் பழைய சோவியத் ரக டி-72 டாங்கிகளை உக்ரைனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, 2022 ஆகஸ்டில் தென்கொரியாவோடு 180 கே2 டாங்கிகளுக்குக் கையெழுத்திட்டது. டிசம்பரில் முதல் வண்டிகள் கப்பலிலிருந்து இறங்கிவிட்டன. டாங்கி வியாபாரத்தில் இது அசுர வேகம்.

காசு கொடுத்து வாங்கினாலும் நினைத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது. ஜெர்மன் தயாரிப்பான லெபர்ட் 2 டாங்கிகளை வைத்திருந்த நாடுகள் 2023 ஜனவரியில் ஜெர்மனி தலையசைக்கும்வரை உக்ரைனுக்கு ஒன்றையும் அனுப்ப முடியவில்லை. அதே ஆண்டில், சுவிஸ் அரசு நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாக இத்தாலியில் கிடந்த 96 பழைய லெபர்ட் 1 வண்டிகளை, நடுநிலையைக் காட்டி, விற்கவிடாமல் தடுத்தது சுவிட்சர்லாந்து.

ஆனால் என்னை ரொம்ப அலைக்கழித்த வரி வேறு. 2008 செப்டம்பர், ஃபைனா என்ற கப்பல், உக்ரைனிலிருந்து 33 டி-72 டாங்கிகள். சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்ததால்தான் உலகத்துக்கே அந்தச் சரக்கு தெரிந்தது. வாங்குபவர் கென்யா என்றது காகிதம். ஆவணங்களில் இருந்த ‘ஜிஓஎஸ்எஸ்’ என்ற குறி தெற்கு சூடான் அரசைக் குறிக்கிறது என்றன செய்திகள். அது எங்கள் ராணுவத்தின் குறியீடு என்று சாதித்தது கென்யா.

“என்ன சார் போடட்டும்?”

“கென்யான்னு போட்டு ஒரு நட்சத்திரக் குறி போடு.”

சரி, அடிக்குறிப்பில் என்ன எழுதுவது? ஒரு மணி நேரம் அடித்தடித்து எழுதி, கடைசியில் ‘வழியில் கடத்தப்பட்டவை’ என்று மட்டும் விட்டோம்.