செசில் கரையில் அப்பாவின் கைத்தூண்டில்

அப்பா யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான மயிலிட்டிக்காரர். பதினாலு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கினவர். ஆனாலும் போன ஆடி மாதம் வரைக்கும் நான் அவரோடு ஒரு நாள்கூடத் தூண்டில் போட்டதில்லை. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் வலையில் சிக்கின சூடை மீனைக் கழற்றுவோம், மீனைத் தெரிந்து பிரிப்போம். அதோடு சரி. 1990 ஆனியில் சண்டையால் ஊரை விட்டு எழும்பினபோது எனக்கு ஏழு வயது. மயிலிட்டித் துறைமுகத்தை ஆமி திரும்ப விட்டபோது 2017 ஆகிவிட்டது. அதற்குள் நான் லண்டனில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அம்மா முழங்கால் நோவால் வரவில்லை, அப்பா தனியாக லண்டனுக்கு வந்தார். வந்த இரண்டாம் நாளே கேட்டது, "கடல் எந்தப் பக்கம் கிடக்கு?"

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிற டோர்செட்டுக்கு வெளிக்கிட்டோம். இவர், என் கணவர், ஒவ்வொரு கோடையும் மக்கரல் மீன் பிடிக்கப் போகிற இடம், அபொட்ஸ்பரிக்குக் கீழே செசில் கரை. கடலில் தூண்டில் போட இங்கே அனுமதிச்சீட்டு எதுவும் தேவையில்லை, ஆற்றுக்குத்தான் காசு கட்டி எடுக்க வேணும் என்று காருக்குள் இவர் சொன்னதை அப்பா இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். "உண்மையாவே? ஆரும் வந்து மறிக்க மாட்டினமே?"

செசிலில் மணல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 29 கிலோமீட்டருக்கு ஒரே கூழாங்கல் வரம்பு. மேற்கு முனையில், வெஸ்ட் பேயில், கல் பட்டாணி அளவு. கிழக்கே போகப் போகப் பருத்து, போர்ட்லண்டில் உள்ளங்கை நிறைகிற கல்லாகிவிடும். அலைதான் இப்படித் தரம் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது. முந்தி இருட்டில் கள்ளச் சாமான் இறக்க வந்தவர்கள் ஒரு கை கல்லை அள்ளிப் பார்த்தே எந்த இடத்தில் கரை தட்டியிருக்கிறோம் என்று அறிவார்களாம். இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கால் மெல்ல விட்டுப் பார்த்தார். அபொட்ஸ்பரிக் கல் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. "நாங்கள் வெளிச்சவீட்டைப் பாத்து வந்தனாங்கள். இவங்கள் கையாலையே பாத்திருக்கிறாங்கள்" என்றார். அவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. பிறகும் இரண்டு மூன்று தரம் அள்ளிப் பார்த்தார்.

மயிலிட்டிக் கரையின் முருகைக்கல் காலைக் கிழிக்கும், ஆனால் அசையாது. இந்தக் கல் கிழிக்காது, கால் வைத்த இடத்தில் புதையும். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கும். எழுபத்துநாலு வயது மனிசன், என்னுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணிக்கரைக்கு வந்தார்.

இவர் தடியை நீட்டினார். ஈயம், அதற்கு மேலே வெள்ளை இறகு கட்டின மூன்று தூண்டில். இரை கிடையாது. இறகு தண்ணிக்குள் துள்ளுவதைக் குஞ்சு மீன் என்று நினைத்து மக்கரல் கடிக்கும். அப்பா தடியைத் தொடவில்லை. தன்னுடைய பையிலிருந்து மரக்கட்டையில் சுற்றின தங்கூசியை, கையால் எறிகிற நைலோன் தூண்டில் நூலை, எடுத்தார். ஊரிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்! விமானத்தில், ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில்.

ஆனால் எறியவில்லை. கல்லில் குந்தியிருந்து கடலைப் பார்த்தார். ஏழு மணி, எட்டு மணி. இவர் எறிந்து எறிந்து இழுத்தார், ஒன்றும் இல்லை. வெயில் சாய்ந்து தண்ணி செம்பு நிறத்துக்கு வந்த நேரம், மேற்கே கொஞ்சத் தூரத்தில் ஆலாக் குருவிகள் ஒவ்வொன்றாகத் தலைகீழாக விழத் தொடங்கின. அப்பா எழும்பிவிட்டார். "அங்க பார். கீழ மீன் நிண்டு கலைக்குது, மேல குருவி அடிக்குது. இஞ்சால வரும், பொறு."

பத்து நிமிடத்தில் வந்தது. காலடியிலேயே தண்ணி கொதித்தது போல் இருந்தது. குஞ்சு மீன்கள் வெள்ளிக்காசு கொட்டினது போலக் கல்லில் ஏறித் துள்ளின. அந்தக் கரை செங்குத்தாக இறங்குவதால் பெரிய மீனும் பக்கத்தில் வரும். அப்பா இறகுத் தூண்டில் கட்டின தங்கூசியின் ஈயத்தைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி விட்டார், முப்பது முழம் போயிருக்கும். இழுத்தபோது மூன்று இறகிலும் மூன்று மீன்.

அடுத்த எறி முடிந்ததும் தங்கூசியை என் கையில் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தந்தார்.

சுட்டுவிரலில் நூல் நடுங்குவதை எப்படிச் சொல்வது? கெளிறு இழுத்தால் பாரமாக இருக்கும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பாரம் இல்லை, துடிப்பு. கரைக்கு வந்த மக்கரலைப் பிடித்தால் வால் விசிறி மாதிரி அடிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகும். முதுகில் பச்சையும் நீலமுமாக மை ஊற்றின வரி, வயிறு கண்ணாடி. அந்த மீனுக்குக் காற்றுப்பை இல்லை, நீந்தாமல் விட்டால் தாழ்ந்துவிடும். அப்பாவுக்கு அதைச் சொன்னேன். "அதுதான் இவ்வளவு அவசரம்" என்று சொல்லிக்கொண்டே தலையைப் பின்னால் மடித்து ஒரே முறியாக முறித்து, இரத்தத்தை வடிய விட்டார். பிடித்த மீனைத் துடிக்க விட்டு வைப்பது அவருக்குப் பொறுக்காது. அது பாவம் என்பார், இறைச்சியும் கெட்டுப்போம் என்பார்.

பதினொன்று சேர்ந்ததும், "காணும்" என்றார். மீன் இன்னும் நின்றது. இவர் இன்னொரு எறி எறியப் பார்த்தார். "ஐஞ்சு பேருக்கு இது காணும், மருமோன்." தடி மடங்கிவிட்டது.

மீன் கழுவ நான் தண்ணிக்குக் கொஞ்சம் கிட்டப் போய்விட்டேன். முதுகைக் கடலுக்குக் காட்டி இவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் பிழை. அலை பெரிதில்லை. திரும்பும்போதுதான் முழுக் கரையும் கிர்ர்ர் என்று கடலுக்குள் உருண்டது, என் காலுக்குக் கீழே இருந்த கல்லும் சேர்ந்து போனது. முழங்கால் அடிபட விழுந்து, இடுப்பு வரை நனைந்து சறுக்கினேன். அப்பா எப்படி அவ்வளவு கெதியாக வந்தார் என்று தெரியாது. சட்டைக் கொலரோடு சேர்த்துப் பிடித்து மேலே இழுத்தார். கை நடுங்கியது, அவருடையது. "அலைக்கு முதுகு காட்டாதை எண்டு உனக்கு நான் சொல்லித் தரேல்லையே, பிள்ளை" என்றார். ஏசுவார் என்று நினைத்தேன். தன்னைத்தான் ஏசிக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் புளியும் வெந்தயமும் போட்டுக் குழம்பு கொதிக்கிற நேரம் அம்மாவுக்கு வீடியோவில் எடுத்தோம். சட்டியைக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஆர் பிடிச்சது?"

"ஏழு நான். நாலு இவள்" என்றார் அப்பா.

அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "போனை அவளிட்டக் குடுங்கோ" என்றா.