ரோமியோ, சியரா, சார்லி

டிக்கெட்டில் வீல்சேர் போட்டு வருகிறவர்களிடம் விமான நிலையக் கவுண்டரில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: எவ்வளவு தூரம் நடப்பீர்கள், படி ஏறுவீர்களா? என்ன வியாதி என்று கேட்பதில்லை. பதிலைப் பார்த்து சிஸ்டத்தில் R, S, C என்று ஓர் எழுத்து விழும். அவற்றை ரோமியோ, சியரா, சார்லி என்போம். ரோமியோ என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள்ளும் நடப்பார், நீண்ட தூரம்தான் ஆகாது. சியரா என்றால் படி ஆகாது. சார்லி என்றால் சீட் வரைக்கும் குறுகலான நாற்காலியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விமானம் தள்ளி நிற்கிற இடத்தில் சியராவுக்கும் சார்லிக்கும் ஆம்புலிஃப்ட், அதாவது சேரோடு ஆளை ஏற்றி இறக்குகிற லிஃப்ட் வண்டி, வர வேண்டும். ரோமியோ படியில் இறங்கிவிடுவார். எழுத்தைத் தப்பாகப் போட்டால் பத்து மணி நேரம் கழித்து வேறொரு ஊரில் தப்பான வண்டி வந்து நிற்கும்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவிடமும் இதைத்தான் கேட்டேன்.

“காலு நல்லாத்தான் இருக்கு தம்பி. நாளைக்கு நாலு நடை காட்டுக்குப் போயிட்டு வர்றவதான். அங்க போயி யாரைக் கேக்கறது? அதுக்குத்தான் மவன் வண்டி சொல்லியிருக்கான். கேட்டா நடக்க முடியாதுன்னு சொல்லச் சொன்னான்.”

சொல்லச் சொன்னதைச் சொல்லாமல், சொல்லச் சொன்னான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மற்றவர்களைப் போல முழங்காலைத் தடவிக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரிலிருந்து ஃபிராங்பர்ட் ஏறத்தாழ பத்து மணி நேரம். அங்கே பி பக்கம் இறங்கி இசட் பக்கம் ஏற வேண்டுமென்றால் சுரங்கப்பாதை அல்லது ஸ்கைலைன் ரயில், மறுபடி ஒரு செக்யூரிட்டி, அமெரிக்கா போகிற விமானம் என்பதால் கேட்டில் காகிதம் பார்ப்பது வேறு. பிறகு சிகாகோ ஒன்பதரை மணி நேரம். ஓ'ஹேர் ஐந்தாம் டெர்மினலில் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், அதற்குப்பின் ரயிலேறி ஒன்றாம் டெர்மினல், அங்கிருந்து உள்நாட்டு விமானம். ஆங்கிலம் தெரிந்தவர்களே திணறுகிற பாதை இது.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. முதல் தாளில் பெரிய ஆங்கில எழுத்தில் பெயர், மகன் நம்பர், மூன்று ஃப்ளைட் நம்பர், எந்த ஊரில் எவ்வளவு நேரம், சாப்பிடுகிற மாத்திரை. அக்கறையாகத் தயார் செய்த தாள். ஆனால் எல்லோரும் விடுகிற ஒன்று அதிலும் விட்டுப்போயிருந்தது. பெட்டிக்கு டேக் கடைசி ஊர் வரை விழுந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்குகிற ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். எடுக்காமல் போனால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். அதைத் தாளின் அடியில் ஆங்கிலத்தில் எழுதினேன். “பச்சைப் பெட்டி ரெண்டையும் சிகாகோல எடுக்கணும்மா. வண்டி தள்றவங்ககிட்ட இந்தத் தாளக் காட்டுங்க” என்றேன். தலையாட்டினார்.

இதுவரை எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

அடுத்து நின்றவர் இடுப்பு ஆபரேஷன் ஆனவர். டிக்கெட் போடும்போது வீல்சேர் கேட்காமல் வந்துவிட்டார். சேர் தட்டுப்பாடு என்று சொல்வோமே, சேர் எங்கேயாவது கிடைத்துவிடும், தள்ளுகிற ஆள்தான் கிடைக்காது. ஒருவரை ஏற்றி இமிக்ரேஷன், செக்யூரிட்டி தாண்டி கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். நடுராத்திரிக்கு மேல் ஐரோப்பா விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படுகிற நேரத்தில், ஒரே விமானத்தில் முப்பது வீல்சேர் வந்தால் கணக்கு எப்படி இடிக்கும் என்று பாருங்கள்.

இன்னொரு குறியீடும் இருக்கிறது: மாஸ், அதாவது கூட வந்து வழிகாட்டுவது. அந்த அம்மாவுக்குச் சரியாகப் பொருந்துவது அதுதான். விமானம் கிளம்பியதும் போகிற செய்தியில் மாஸும் போகும், ரோமியோவும் போகும். மறுமுனையில் ரோமியோவுக்கு ஆள் வருவார். மாஸுக்கு வருவாரா என்பது அந்த ஊரையும் அந்த நாளையும் பொறுத்தது. ஐரோப்பாவில் இந்த உதவி விமான நிறுவனத்தின் வேலை இல்லை, விமான நிலையத்தின் வேலை. நடமாட்டம் குறைந்தவர்களுக்கு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதியில் இருக்கிறது. மொழி தெரியாதவர்களுக்கு என்று இல்லை.

அதனால் சிஸ்டத்தில் அம்மாவின் பெயரில் இருந்த ரோமியோவை நீக்கவில்லை. வந்த சேரை இடுப்பு ஆபரேஷன்காரருக்குக் கொடுத்து, அம்மாவைத் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணுடன் கேட் வரை நடக்கச் சொன்னேன். நடந்து போகிறவருக்கு எதற்கு ரோமியோ என்று சூப்பர்வைசர் கேட்டார். தூரம் ஆகாது என்றேன். கிளம்பும் முன் அம்மாவிடம் சொன்னேன்: “ஃபிராங்பர்ட்ல யாராவது கேட்டா முழங்கால் வலின்னு தொட்டுக் காட்டுங்கம்மா. வண்டிய விட்டு எறங்கி நடந்துடாதீங்க.”

“நீயும் அதையேதான் சொல்ற” என்றார். கோபமில்லை. தாளை ஃபைலுக்குள் செருகிக்கொண்டே சொன்னார்.

நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எழுந்து நன்றாக நடக்கிற பயணி என்று அங்கே யாராவது முடிவு கட்டினால், கையால் திசை காட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடலாம். அந்த 1107 விதியில்கூட நடமாட்டம் குறையக் காரணமாக வயதும் சேர்ந்திருக்கிறது. எழுபதை நெருங்குகிறவர் அதற்குள் அடங்குவார் என்று எனக்கு நானே வாதாடிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு நாலு நடை காட்டுக்குப் போய்வருகிறவருக்கு எந்த வயது நடமாட்டத்தைக் குறைத்தது? அவர் பொய் சொல்ல மறுத்தார், அவருக்காக நான் சொல்லிவிட்டேன். அதோடு விடாமல் அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம்தான். 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது நினைவுக்கு வந்தால் விட முடிவதில்லை. நியூயார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதி. இருவருக்கும் வீல்சேர் போட்டிருந்தது, வந்தது ஒன்று. மனைவியை அதில் உட்காரவைத்துக் கூடவே நடந்தார் 80 வயதுக் கணவர். இமிக்ரேஷன் பக்கம் விழுந்தவர் பிழைக்கவில்லை. விமான நிறுவனங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தேவையில்லாமல் நாம் போடுகிற ஒவ்வொரு ரோமியோவும் அந்த இரண்டாவது சேரைத்தான் எங்கோ தாமதப்படுத்துகிறது. இங்கே அந்த அம்மாவிடமிருந்து மிச்சம் பிடித்த சேரை ஃபிராங்பர்ட்டில் இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கலாம்.

சேரில் போவதும் பிள்ளைகள் நினைக்கிற அளவுக்குச் சுகமில்லை. சேர்க்காரர்கள் விமானத்திலிருந்து கடைசியில்தான் இறங்குவார்கள். இடையில் ஒரு காத்திருப்பு அறையில் உட்காரவைத்துவிட்டு ஆள் போய்விடுவார், ஒரு மணி நேரமோ இரண்டோ. தண்ணீர், டாய்லெட் எல்லாம் கேட்டால்தான். கேட்க மொழி இல்லாததால்தான் அந்தச் சேரே. இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால், நடக்கிறவர் பிடித்துவிடுகிற விமானத்தைச் சேர்க்காரர் விட்டுவிடவும் கூடும். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் மூன்று மணி நேரமாவது விட்டுப் போட வேண்டும். விமானம் தரையிறங்குவதற்கு முன்பே டாய்லெட் போய்விடச் சொல்ல வேண்டும். கையில் ஐந்து டாலர் நோட்டாகச் சில கொடுத்தனுப்ப வேண்டும், அமெரிக்காவில் தள்ளுகிறவர்கள் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். கூடவே, அதே விமானத்தில் போகிற தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கவுண்டரிலேயே பிடித்து அறிமுகம் செய்துவைப்பது எந்த எழுத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது. அன்று அப்படி யாரும் கண்ணில் படவில்லை. சரியாகத் தேடினேனா என்றும் தெரியவில்லை, வரிசை நீண்டிருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களிடம் எவ்வளவு நடப்பீர்கள் என்று முதலில் கேட்பதில்லை. இறங்குகிற ஊரில் கூட ஒருவர் வேண்டுமா என்று கேட்கிறேன். வேண்டும் என்கிறார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டியிருப்பதில்லை, நான் ரோமியோவைத் தட்டிவிடுகிறேன். இதனால் என் கவுண்டரில் ரோமியோ குறைந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், கூடியிருக்கிறது. சேர் தள்ளுகிற பையன்களுக்கு இது தெரிந்துவிட்டது. என் கவுண்டர் என்றால் “நடக்கிறவங்களா சார்?” என்று முதலிலேயே கேட்கிறார்கள். ஆமாம் என்றால் சேரைக் கொண்டுவராமல் கூட நடந்தே கூட்டிப்போகிறார்கள். சேர் கேட்டவருக்குச் சேர் வந்தாக வேண்டும் என்பது விதி. நான் தடுப்பதில்லை.