உருண்டை மணலும் மூலை மணலும்

வன்னியில் பூமியதிர்ச்சி பெரிய பேச்சில்லை. ஆனால் பூமியதிர்ச்சியில் ஈர மணல் திரவம்போல் ஆவதில் மணியின் வடிவத்துக்கு என்ன பங்கு என்று கணினியில் படிக்க, மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது: முல்லைத்தீவுக் கரையில் அலை தேய்த்தது, உள்ளே ஆறுகளில் பொதுவாக மூலை மழுங்காதது. ஜப்பானின் நிகாட்டாவில் 1964 பூமியதிர்ச்சியில் மாடிக் குடியிருப்புகள் உடையாமல் அப்படியே சாய்ந்தன. அடியில் இருந்த ஈர மணல் கூழாகிப் போனதுதான் காரணம். மணலை மணிமணியாகவே கணினிக்குள் வைக்கும் முறையைக் கண்டல், ஸ்ட்ராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் எழுதினார்கள்.

முதல் பிழை கணினிக்கு முன்பே நடக்கும். கொக்கிளாய்ப் பக்கத்து மணலில் கறுப்புப் பட்டை இல்மனைற் என்ற கனமான தாது. அதன் அடர்த்தி நீரைப்போல் 4.7 மடங்கு அளவில், குவார்ட்ஸுக்கு 2.65. வலுவான காந்தத்தால் பிரித்தெடுக்காமல் நிறுத்தால் வெற்றிட விகிதமே (மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் கனவளவை மணிகளின் கனவளவால் வகுத்தது) பொய்யாகும்.

கணினியில் மணியைத் தனிக் கோளமாக வைத்து, அது லேசில் உருளாதபடி உருள்தடை சேர்ப்பது மலிவான வழி. ஆனால் இரண்டு மணிகள் பல இடங்களில் தொட்டுப் பூட்டிக்கொள்வது அதில் வராது. நுணுக்குக்காட்டிப் படத்தைப் பார்த்து நாலைந்து கோளங்களை ஒட்டிச் செய்வதே நல்லது. கோளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் திணிவு இரண்டு தரம் எண்ணப்படும். அதைத் திருத்தாவிட்டால் மணி தவறாகச் சுழலும்.

பலர் சறுக்குவது ஒப்பீட்டில். உதாரணத்துக்கு, உருண்டை மணலின் வெற்றிட விகித எல்லைகள் மிக இறுக்கமாக 0.50, மிகத் தளர்வாக 0.75, மூலை மணலுக்கு 0.65, 1.05 என்று வைப்போம். இரண்டையும் 0.70இல் நிறுத்தினால் முதலாவதின் சார்பு அடர்த்தி (தளர்ந்த எல்லையிலிருந்து இறுகிய எல்லை நோக்கி எவ்வளவு வந்தது என்பது) 20 வீதம், மற்றதின் 87 வீதத்துக்கும் மேல். பிறகு "மூலை மணல் தாங்குகிறது" என்றால் அது வடிவத்தின் பேச்சல்ல, இறுக்கத்தின் பேச்சு. சார்பு அடர்த்தியைச் சமப்படுத்த, இறுக்கும்போது மட்டும் மணிகளுக்கிடையிலான உராய்வுக் குணகத்தைக் குறைத்து, அமுக்கம் 100 கிலோபாஸ்கலுக்கு வந்ததும் 0.5க்குத் திருப்ப வேண்டும்.

நீரைத் தனியாகப் போட வேண்டியதில்லை. கனவளவை மாறாமல் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். மணிகள் தாங்கும் தகைப்பு (ஒரு பரப்பில் விழும் விசை) எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவே நீரமுக்க ஏற்றம். விகார வேகத்தை, அதாவது மணலை உருக்குலைக்கும் வேகத்தை, மெதுவாக வையுங்கள். தகைப்பு 100 இலிருந்து 1 கிலோபாஸ்கலுக்கு இறங்கும்போது சடத்துவ எண் (ஆட்டம் மணிகளுக்கு எவ்வளவு வேகமானது என்று காட்டும் அளவு) பத்து மடங்காகும், தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்றுக்குள் இருந்தாலும் கடைசியில் அதைத் தாண்டலாம். திரையில் மூலை மணல் சட்டென்று "திரவமானது" என்று தெரிந்தால், முதலில் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். திரவமாக எடுக்கும் ஆட்டச் சுற்றுகளின் எண்ணிக்கை மாறினால் அது மணலின் குணமல்ல.

உயர் அமுக்கத்தில் இன்னொரு தொல்லை: உண்மை மூலைகள் உடையும், இந்தக் கணினி மணிகள் உடையா.