பேரில்லாத கட்டம்

"இந்தக் கட்டத்துல பேனாவால நாமளே பேரு எழுதிரப்படாதா மக்கா?"

தக்கலையில் ஜெராக்ஸ் கடையில் பக்கத்தில் நின்ற பாட்டி கேட்டார். கையில் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ். பாலினம்: பெண். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிள்ளைக்கு வயசு ஒன்பது.

அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துட்டு நின்னேன். வக்கீல் புத்தி. இந்தக் காகிதம் நாளைக்குக் கோர்ட்டுல வயசுக்கு ஆதாரமா நிக்கணும்னா, அது இந்தப் பிள்ளையோடதுதான்னு பேரில்லாம எப்படிக் காட்ட?

போக்சோவில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில், கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தாலும், ஹைகோர்ட்டு மதுரைக் கிளையில் அப்பீல் வரும்போது கேள்வி வரும்: சம்பவத்தன்னைக்கு பிள்ளைக்கு 18 ஆகலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?

இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் ஒரு வரிசை இருக்கு. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லேன்னா உள்ளாட்சி தர்ற பிறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்லேன்னாதான் எலும்புப் பரிசோதனை. 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், டி.சி.யும் அட்மிஷன் ரிஜிஸ்டர் நகலும் போதாதுன்னு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செஞ்சது. டாக்டர் சொன்ன வயசு 18-லிருந்து 20.

ரிஜிஸ்டர் தேதியை எப்படி நம்ப? கை காதைத் தொடுதான்னு பார்த்து வாத்தியார் போட்டதுதானே! எனக்கே பிறந்த தேதி ஜூன் 1-ன்னு போட்டிருக்கு. அம்மாகிட்ட கேட்டா, "நல்ல கார்த்திகை மழை" என்பாள்.

"எங்க பதிஞ்சிய பாட்டி?"

"நாரோயில்ல." நாகர்கோவிலைச் சொன்னார்.

"அப்ப பேரு சேர்க்க அங்கதான் போவணும். பேனாவ மட்டும் தொட்டுராதீங்க."

ரேஷன் கார்டு கவருக்குள் அதை மடிக்காமல் செருகினார்.