நுங்கம்பாக்கத்தில் ஒரு பட்டதாரி

என் அண்ணன் மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் டென்னிஸ் உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருக்கிறது. "நான்கு வருடம் அங்கே போய் உட்கார்ந்தால், அப்புறம் ஏ.டி.பி. தொழில்முறைப் போட்டிகளை மறந்துவிட வேண்டியதுதான்" என்று அண்ணன் புலம்பியபோது, 2009 ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கில் நான் பார்த்த இந்திய டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன்தான் நினைவுக்கு வந்தார்.

சென்னையில் பயிற்சி பெற்று வளர்ந்த சோம்தேவ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையேயான என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் அமெரிக்க வீரர் ஜான் இஸ்னர். அதுவும் இஸ்னர் படித்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைதானத்திலேயே, மூன்றாவது செட் 6-6 என்று சமமானபின் ஆடும் டைபிரேக்கரில். 2008 பருவத்தில் 44 வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி. ஆனாலும் முழுநேரத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 23. அவரைவிட ஒரு வயது இளையவரான நடால் அந்தக் கோடைக்குள் ஐந்து கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றுவிட்டிருந்தார் என்பதை நினைத்தால், அண்ணனின் கவலையிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சென்னை ஓபனில் வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்களின் நேரடி அழைப்பு, பெற்று நுழைந்த சோம்தேவ், இங்கே இருமுறை கோப்பையைத் தூக்கியவரும் முன்னாள் முதல்நிலை வீரருமான கார்லோஸ் மோயாவை வென்ற இரவில், நான் மேல்வரிசையில் அமர்ந்திருந்தேன். முதல் செட் கைவிட்டுப் போன பிறகும் அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் பின்சுவர்வரை நடந்துபோய், முகம் துடைத்துவிட்டுத் திரும்பி, எட்டாது என்று நாங்கள் கைவிட்ட பந்துகளையெல்லாம் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தம் அவரைப் பதறவைக்கவில்லை என்பதற்குக் கல்லூரி டென்னிஸே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஆறு ஒற்றையர் ஆட்டங்கள் அணிக்காக நடக்கும். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து தோழன் கத்துவான், எதிரணி மாணவர்கள் கேலி செய்வார்கள், அதற்கு நடுவில்தான் சர்வீஸ் போட வேண்டும். சோம்தேவ் அடுத்து ஐவோ கார்லோவிச்சையும் வென்று, இறுதியாட்டம்வரை சென்று, மரின் சிலிச்சிடம்தான் தோற்றார்.

உண்மையான சிரமம் சத்தமில்லாத இடங்களில் இருக்கிறது. பயிற்சியாளர், மருத்துவர், பயணச்சீட்டு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது என எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்ட பிறகு, ஏ.டி.பி.க்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் பத்துப் பதினைந்து பேர் முன்னால், கைக்காசில் தங்கி, தோற்ற அன்றே அடுத்த ஊருக்குப் பேருந்து தேட வேண்டியிருக்கும். அதற்கு எந்தக் கல்லூரியும் பழக்குவதில்லை. அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன்: நான்கு வருடத்தை எண்ணிக் கவலைப்படுவதைவிட, ஐந்தாவது வருடத்திற்குப் பணம் சேர்த்து வையுங்கள்.

சோம்தேவ் அதே 2009இல் அமெரிக்க ஓபனின் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று பிரதான சுற்றுக்குள் நுழைந்து, அங்கும் முதல் ஆட்டத்தை வென்றார்.