விருதுநகர் பஜாரில் கிட்டங்கிகளை அளந்த அனுபவம்

பஜாரில் பழைய கடைகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். மிஞ்சியிருப்பதையாவது அளந்து, படமெடுத்து, வரைந்து வைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல் வாரம் முழுக்க முகப்புகளையே படமெடுத்தேன். அது போதாது என்று ஒரு வத்தல் மண்டிக்குள் போனபோதுதான் புரிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் பத்தடி அகலக் கடை. உள்ளே கணக்கு மேஜை, அப்புறம் முற்றம், அதையும் தாண்டி அடுத்த தெருவரை நீளும், சரக்கு வைக்கும் கிட்டங்கி. பேரம் முன்னால் நடக்கும், மூட்டை பின்னால் இறங்கும். பருத்தியும் வத்தலும் எண்ணெயும் வளர்த்த ஊர் இது. அந்த வியாபாரத்தின் உடம்பு கிட்டங்கியில்தான் இருக்கிறது.

ஆனால் உள்ளே விட வேண்டுமே! வரியைக் கூட்டவா, ரோட்டை அகலப்படுத்தவா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். "அளந்து யார்கிட்ட குடுக்கப் போறீங்க தம்பி?" என்றார் மண்டிக்காரர். "முதல் பிரதி உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் இதையே முதலில் சொன்னேன். கதவு திறந்தது.

அளப்பதற்கு மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் தோது. வத்தல் நெடிக்கு மூக்கில் துணி கட்டியே ஆக வேண்டும். பழைய அறை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. நாலு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து வரையும்போது கோடுகள் ஒன்று சேராது. இதற்காகவே மூன்று கடைகளுக்குத் திரும்பப் போனேன்.

வயதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த மண்டியின் முகப்பில் 1938 என்று சுதையில் இருந்தது. முன்கட்டின் இரும்பு உத்திரத்தில் டார்மன் லாங் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. கிட்டங்கியிலோ இரும்பே இல்லை. தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். அது முந்தியதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துக் கடைக்காரரின் தாய்ப்பத்திரத்தில் ஆதாரம் கிடைத்தது. தேதி இருந்த முதல் தாளைச் செல் அரித்திருந்தாலும், நான்கெல்லையில் இந்தக் கிட்டங்கி வருகிறது, ஊர்ப் பெயர் விருதுபட்டி என்று இருக்கிறது. விருதுநகர் என்று பெயர் மாறியது 1923-ல். பழைய பெயர் பழக்கத்தில் கொஞ்ச காலம் தொடர்ந்திருக்கலாம். அதனால் 'ஏறக்குறைய 1923-க்கு முன்' என்றே குறித்தேன்.

வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மேற்குச் சுவரில் ஒரு கோடு போட்டார். "இங்க ஒரு வாசல் இருந்துச்சு. பாகம் பிரிச்சப்ப அப்பா அடைச்சாரு." தட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறாக இருந்தது. இரண்டு கடைகளும் ஒரு காலத்தில் ஒரே கட்டடம். அடுத்த வாரம் பக்கத்துக் கடையை முதலிலிருந்து மறுபடி அளக்கப் போகிறேன்.