நாகைக் கடல் வேறு, பினாங்குக் கடல் வேறு

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வேலைக்கு வந்து இறங்கும் நாகை, திருவாரூர், காரைக்கால் ஆட்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்யும் தப்பு ஒன்று உண்டு. கடல்தானே, பார்க்காததா என்று பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போய் இடுப்பளவில் இறங்கிவிடுவார்கள். நம்மூரில் அலையைப் பார்த்துப் பயந்தே பழக்கம். இங்கே அலை கிடையாது, ஏரி மாதிரி கிடக்கும். பயப்பட வேண்டியது சொறிக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு. அதிலும் பெட்டி மாதிரி உடம்புள்ள சொறி கண்ணாடிபோல இருப்பதால் பக்கத்தில் வந்தாலும் தெரியாது.

பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத விஷப்பைகள் இருக்கும், அவையும் சேர்ந்து வெடிக்கும். அரை நிமிஷத்துக்குக் குறையாமல் வினிகர் ஊற்றி, பிறகு இடுக்கியால் இழையை எடுக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். மளிகைக் கடையில் ‘சூக்கா’ என்று கேட்டால் வினிகர் கொடுப்பார்கள். ஒரு பாட்டில் பையிலேயே கிடக்கட்டும்.

பத்து என்றால் கல், பெரிங்கி என்றால் பறங்கி. பறங்கிப்பேட்டையைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் மறக்காது.

அடுத்தது ஏற்றவற்றம். நாகையில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூடக் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்காது. இங்கே அந்த நாட்களில் இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். வற்றத்தில் போனால் பல இடங்களில் சேறும் பாறையும்தான் பார்க்கலாம். அன்றைய நேரத்தைப் போனில் பார்த்துவிட்டு, ஏற்றத்தை ஒட்டிக் கிளம்புங்கள். மேற்குக் கரையில் பெரும்பகுதி சேறும் அலையாத்தியும்தான், முத்துப்பேட்டைக்குப் போன மாதிரி இருக்கும். குளிக்க ஆகாது.

ஜார்ஜ் டவுன் ஜெட்டியில் 101 பஸ் ஏறினால் தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி தாண்டி தெலோக் பஹாங் வரை போகும். மீதிச் சில்லறை தரமாட்டார்கள், சரியான காசோ அட்டையோ கையில் இருக்க வேண்டும். தெலோக் பஹாங் தேசியப் பூங்கா வாசலில் பெயர் பதிந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காட்டுப்பாதையில் நடந்தால் பந்தாய் கெராச்சூட் கடற்கரை. நடக்க முடியாதவர்களுக்குப் படகு உண்டு. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காத ஏரி ஒன்று அங்கே இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் வற்றிக் குட்டையாகிவிடும், ஏமாறாதீர்கள். பேராமையும் நம் கரைக்கு வருகிற பங்குனி ஆமையும் அங்கே முட்டையிடும். நீரோட்டம் இழுக்கும் என்பதால் குளிக்கத் தடை. பலகை சும்மா வைத்ததில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பவர்கள் தை, மாசியில் அழையுங்கள். மழை குறைவு, தைப்பூசமும் வரும். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். தீபாவளி லீவுக்கு வருபவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். கடிகாரம் நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் காலை ஏழு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்குக் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

மழை நாளில் ஜார்ஜ் டவுனே போதும். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா இருக்கிறது; கப்பலில் வந்த நம் பக்கத்து ஆட்கள் 1800களின் தொடக்கத்தில் எழுப்பியது. நாகூரில் அடக்கம், இங்கே நினைவிடம் மட்டும்.

வயல் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் மலைக்குப் பின்னால் பாலிக் பூலாவ் போகலாம். பெயருக்கே ‘தீவின் பின்பக்கம்’ என்றுதான் அர்த்தம். பச்சைப் பசேலென்று நெல் நிற்கும். ஜூன், ஜூலை டுரியான் காலம். வாடை அடிக்கும் என்பதால் பழத்தோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், அங்கேயே உடைத்துத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.